களவும் கற்பும்: ஓர் ஆட்டத்துக்கு விதி வகுத்த வரலாறு

தில்லி மாநகரின் பனிக்காலத்து ஞாயிற்றுக்கிழமை மாலைப்பொழுதை எவ்வாறு கழிப்பது என்பது இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு எளிதில் விடை காணாத வினாவாகும். வெளியே மூடுபனி, வீட்டினுள்ளே ஆளுக்கொரு கைப்பேசி. பெற்றோர் தமிழில் வினவினால் பிள்ளைகள் இந்தியில் விடை பகர்வர். பம்பாயிலும் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இதே நிலைதான் என்று உறவினர் கூறக் கேட்டிருக்கிறோம். எங்கள் அரசுக் குடியிருப்பில் ஆறு குடும்பத்தினர் கடந்த இரண்டு பனிக்காலங்களாக அம்மாலைப் பொழுதை ஓர் ஆட்டத்தில் செலவிட்டு வருகிறோம். அவ்வாட்டத்தில் காதலுக்கும் மணத்துக்கும் விதி வகுக்கப் புகுந்தபோது நேர்ந்த இடர்களையும், அவற்றை ஒருவாறு தீர்த்துக்கொண்ட முறையையும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

ஆங்கிலத்தில் 'ரோல் பிளேயிங் கேம்' என வழங்கும் ஆட்ட வகையை உங்களுள் இளைஞர் அறிந்திருப்பர், மூத்தோர் அறியாதிருக்கலாம். இதற்குக் கட்டமும் காயும் இன்றியமையாதன அல்ல. நால்வர் ஐவர் வட்டமாக அமர்ந்து ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்றுக்கொள்வர். ஒருவர் கதையை நடத்துவார். "வழியில் ஆறு பெருக்கெடுத்து ஓடுகிறது, என் செய்வாய்?" என்று அவர் கேட்பார். ஏற்ற பாத்திரத்தின் இயல்புக்குத் தக்கவாறு மற்றவர் விடையிறுப்பர். செயல் கைகூடுமா கூடாதா என்னும் ஐயம் எழுந்தால் பகடை உருட்டித் தெளிவர். நாடகம்போல் எழுதிவைத்த உரையாடல் இல்லை. சதுரங்கம்போல் வெற்றி தோல்வியும் இல்லை.

1974ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் அச்சேறிய 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பது இவ்வகையின் முன்னோடி. அது படைப்பொம்மைகளை வைத்துப் போர் நிகழ்த்தும் ஆட்டங்களிலிருந்து பிறந்தது. ஆகவே, வாள் எவ்வளவு ஆழம் பாயும், கவசம் எவ்வளவு தாங்கும் என்பதற்கெல்லாம் அதில் விதி உண்டு. ஒருவர் மற்றொருவரை விரும்பினால் என்ன நிகழும் என்பதற்குச் சொல்லத்தக்க விதி இல்லை. பின்னர் 1985இல் கிரெக் ஸ்டாஃபோர்டு என்பார் ஆர்தர் மன்னன் கதையுலகை வைத்து 'பென்டிராகன்' என்னும் ஆட்டத்தை இயற்றினார். அதில் ஒவ்வொரு வீரனுக்கும் 13 இணைக் குணங்கள் உண்டு. ஓரிணையின் இரு பக்கத்தையும் கூட்டினால் 20 வரும். ஒரு குணம் ஏறினால் எதிர்க்குணம் இறங்கும். ஆண்டுதோறும் கூதிர் வந்ததும் வீரர் வீடு திரும்பி மணமுடித்தல், மகப்பெறுதல், மூப்படைதல் ஆகியவற்றைக் கணக்கிட்டுக்கொள்வர். ஒரே வீரன் அன்றி அவன் மகனும் பேரனும் தொடர்ந்து ஆடும் ஆட்டம் அது. காதலும் அதில் வீரனின் ஏட்டில் ஓர் எண்ணாக நிற்கிறது. அந்த எண்ணைப் பகடை வென்றால் ஊக்கம். தோற்றால் ஏக்கமும் சில வேளை பித்தும். 2018 அளவில் ஆஸ்திரேலிய நாட்டார் இருவர் ஜேன் ஆஸ்டின் நாவல்களின் காலத்தை வைத்து ஆக்கிய ஆட்டம் ஒன்றும் எங்கள் கைக்கு வந்தது. ஊர்வாய்ப் பேச்சுக்கென்றே தனிக்கட்டம் ஒதுக்கிய அதன் நுட்பத்தை நாங்கள் மனமார மெச்சினோம்.

இவற்றையெல்லாம் படித்த எங்கள் இளைஞர் சங்க காலத்தை வைத்து ஓர் ஆட்டம் அமைக்க விழைந்தனர். அவர்கள் முதலில் எண்ணியது புறத்தையே. வெட்சி, கரந்தை, ஆநிரை, முற்றுகை என்று நான்கு ஞாயிறுகள் நன்றாகவே நடந்தன. ஐந்தாம் ஞாயிறன்று கல்லூரியில் பயிலும் பெண்ணொருத்தி, "மாமா, எத்தனை வாரம் மாடு பிடிப்பது? இவர்கள் வீட்டுக்குப் போனால் அங்கே யாரும் இல்லையா?" என்றாள். அகத்துக்கு விதி எழுதும் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. நாங்கள் நடுவண் அரசின் மொழிபெயர்ப்பாளர்கள். பிறர் வகுத்த விதிகளை நாள்முழுதும் தமிழாக்குவோர். விதி வகுக்க நேர்ந்தது இதுவே முதன்முறை.

ஆனால் விதிகள் முன்னரே வகுக்கப்பட்டிருந்தன. தொல்காப்பியப் பொருளதிகாரத்தைக் கல்லூரியில் தேர்வுக்காகப் படித்த நாளில் அது நூற்பாக் குவியலாகத் தோன்றியது. இப்போது ஆட்டம் ஆடுவோர் கண்ணோடு படித்தபோது, யார் பேசலாம், யார் பேசலாகாது, எந்நிலத்தில் எப்பொழுதில் எது நிகழும், எதன்பின் எது வரும் என்று ஒழுங்குபட வரையறுத்த ஆட்டநூல் போலவே அது எங்களுக்குக் காட்சியளித்தது. இப்படிச் சொல்வதைப் புலவர் பெருமக்கள் பொறுத்தருள்வாராக.

பாத்திரத்தின் ஏடு மெய்ப்பாட்டியலிலேயே கிடைத்தது. தலைவன் தலைவியர்க்கு இருக்கவேண்டிய ஒப்புமை பத்து என்று அங்கே எண்ணப்படுகின்றன: பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, காமவாயில், நிறை, அருள், உணர்வு, திரு. இப்பத்தையும் வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பிட்டோம். ஆண்டு என்னும் ஒன்றில் மட்டும் நூலையும் உரையையும் பின்பற்றவில்லை. இறையனார் களவியலுரை தலைவியைப் பன்னீராண்டினள் என்றும் தலைவனைப் பதினாறாண்டினன் என்றும் கூறும். அக்கால வழக்கு அதுவாகுக. எங்கள் ஆட்டத்தில் இருபது நிரம்பாதார் அகத்துள் புகார் என்று முதல் விதியாகவே எழுதினோம். இதில் எவரும் மறுப்புரைக்கவில்லை.

மறுப்பு எழுந்தது அடுத்த விதியில்தான். தலைவனும் தலைவியும் ஒருவரையொருவர் காண்பது பாலின் ஆணையால், அதாவது ஊழின் ஏவலால், என்பது தொல்காப்பியர் கருத்து. இதனை நாங்கள் பகடைக்கு உரியதாக்கினோம். கழங்குகளை எறிந்து, வேண்டிய எண்ணிக்கை விழுந்தால் இருவரும் கண்டு காதல்கொண்டனர் என்று எழுதினோம். எளிய விதி, விரைவில் முடியும். எறிந்தோம், விழுந்தது. தலைவியாக அமர்ந்திருந்த அதே பெண் ஏட்டை மூடி வைத்தாள். "காண்பது ஊழ் என்கிறீர்கள், சரி. விரும்புவதும் ஊழா? என் சம்மதம் எந்த விதியில் இருக்கிறது, மாமா?" என்றாள்.

எங்களுக்கு உடனே விடை தோன்றவில்லை. பெரியவர்களுள் ஒருவர், "அக்காலப் பெண் அவ்வாறு கேட்டிருப்பாளா? வரலாற்று ஆட்டம் என்றால் வரலாற்றின்படி ஆடவேண்டும்" என்றார். மற்றொருவர், "இக்காலப் பெண் அல்லவா ஆடுகிறாள்?" என்றார். அன்று ஆட்டம் நடைபெறவில்லை. தேநீர் மட்டும் இரண்டு முறை நடைபெற்றது.

அவ்வாரம் முழுதும் களவியலை மீண்டும் புரட்டினோம். தன் விருப்பத்தைத் தலைவன் முன்னிலையில் தலைவி தானே எடுத்துரைக்கும் வழக்கம் இல்லை என்று நூல் கூறுவது உண்மை. முதற் பார்வையில் இது வாயடைப்பாகவே தோன்றும். ஆனால் அந்நூலே வாய்ச்சொல்லுக்கு மாற்றாக எத்தனை வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது! கண்ணின் குறிப்பு ஒன்று, மெய்ப்பாடுகள் வேறு, இவற்றுக்கெல்லாம் மேலாகத் தோழி என்னும் ஒருத்தி இருக்கிறாள். ஊழ் இருவரையும் ஓரிடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதோடு சரி. அதன்பின் நிகழ்வது குறிப்பை அறிதலும் அறியாமையுமே. தலைவியின் குறிப்பு இசைந்து வராவிடின் அங்கே ஐந்திணை தொடங்குவதே இல்லை. அது கைக்கிளை என்னும் ஒருதலைக் காமமாய் நின்றுவிடும்.

எனவே விதியைத் திருத்தினோம். கழங்கு விழுந்தால் சந்திப்பு உண்டு, அவ்வளவே. தலைவியாக ஆடுபவர் எட்டு மெய்ப்பாடுகளின் பெயரெழுதிய எட்டு அட்டைகளைக் கையில் வைத்திருப்பார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. தமக்கு விருப்பமான ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். தலைவனாக ஆடுபவர் அதனைத் திருப்பிப் பாராமல், அவர் சொல்லும் சிறு செயலைக் கொண்டே குறிப்பை உணரவேண்டும். "அவள் கூந்தலை முடித்துக்கொண்டு அருவிப்பக்கம் திரும்பினாள்" என்றால் அது நாணமா, வெகுளியா? தவறாக உணர்ந்தால் அவன் அன்று திரும்பிப் போகவேண்டியதுதான். எந்தப் பகடையும் அட்டையின் முகத்தை மாற்ற இயலாது.

இவ்வொரு திருத்தத்தால் ஆட்டம் முழுதும் உயிர்பெற்றது எனலாம். மனத்தைப் பகடைக்கு விடுவதில்லை. மனத்துக்குக் குறுக்கே வரும் தடைகளை மட்டுமே பகடைக்கு விடுவது என்பதை அதன்பின் ஏனை விதிகளுக்கெல்லாம் அளவுகோலாகக் கொண்டோம். அத்தடைகளுக்கோ அகப்பாடல்களில் பஞ்சமில்லை. இரவுக்குறிக்குத் தலைவன் வருகிறான். ஊர் உறங்கவில்லை, அல்லது நாய் குரைக்கிறது, அல்லது காவலர் சுற்றி வருகின்றனர், அல்லது நிலவு பகல்போல் காய்கிறது, எல்லாம் கடந்தால் அன்னை விழித்திருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எறிதல்.

கருவியைப் பற்றியும் ஒரு சொல். வேலன் குறி பார்க்கவும் மகளிர் ஆடவும் சங்ககாலத்தில் பயன்பட்ட கழங்கே தக்கது என்று கருதி ஊரிலிருந்து கழற்சிக்காய் ஒரு பை வரவழைத்தோம். அவை உருண்டைக் காய்களாதலின் மேசையிலிருந்து உருண்டோடிக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டன. இறுதியில் நம் பாட்டிமார் தாயம் ஆடிய சோழிகளையே கைக்கொண்டோம். ஆறு சோழிகளை எறிந்து, மூன்றோ அதற்கு மேலோ வாய் மேலாக விழுந்தால் தடை நீங்கியது.

தடைகளுள் எங்களை மிகவும் மகிழ்வித்தது அல்லகுறி. தலைவன் வந்தமைக்கு அடையாளமாக நீரில் கல்லெறிவதோ, புள்ளை எழுப்புவதோ வழக்கம். சில இரவில் அவன் வாராமலே காய் ஒன்று நீரில் விழும். புள் தானே வெருவி எழும். தலைவி வந்து பார்த்து வெறுங்குறிக்களத்திலிருந்து மீள்வாள். பின்னர் வருகின்ற தலைவன் அவளைக் காணாது திரும்புவான். ஆட்டத்தில் ஒரே ஒரு சோழி வாய் திறந்தால் அல்லகுறி. இருவரும் மறுநாள் ஒருவரையொருவர் நொந்துகொள்வர். இருவரும் உண்மையே பேசுவர். கதை நடத்துபவர் புனைந்துரைக்கும் எந்தச் சண்டையும் இவ்வளவு சுவையாக அமைவதில்லை.

இவ்வாறு தடைபட்டும் கூடியும் செல்லும் களவு எத்தனை நாள் நீடிக்கலாம்? இறையனார் அகப்பொருள் இரு திங்கள் என எல்லை கட்டுகிறது. ஆகவே எங்கள் ஆட்டத்தில் எட்டு முறை கூடினால் களவு முடிந்தாகவேண்டும். அதனிடையே ஊரார் வாயும் சும்மா இராது. முணுமுணுப்பாக இருக்கும்வரை அம்பல். வெளிப்படப் பேசினால் அலர். அரும்புக்கும் மலர்ந்த பூவுக்கும் உள்ள வேறுபாடு என்று உரையாசிரியர் விளக்குவர். உருண்டோடிய கழற்சிக்காய்களுக்கு இங்கே வேலை கிடைத்தது. ஒவ்வொரு தவறான எறிதலுக்கும் ஒரு காய் செம்பில் விழும். ஏழாவது காய் விழும் ஓசை கேட்டதும் அம்பல் அலராகிவிடும். தலைவி வீட்டுக்காவலில் இற்செறிக்கப்படுவாள். காய் செம்பில் விழும் அந்த ஓசைக்குப் பெரியவர்களும் திடுக்கிட்டதைக் கண்டோம்.

இனித் தோழியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டும். ஆட்டம் தொடங்கிய புதிதில் தோழியாக ஆட எவரும் முன்வரவில்லை. துணைப்பாத்திரம் என்று கருதினர். மூன்றாம் வாரத்தில் அவ்விருக்கைக்குப் போட்டி எழுந்தது. ஏனெனில் களவில் செயலாற்றும் உரிமை பெரும்பாலும் அவளிடமே இருக்கிறது. தலைவன் கொணரும் தழையை ஏற்பதும் மறுப்பதும் அவள் கையில். அவனை அருகே விடாது தள்ளி நிறுத்தும் சேட்படை அவளுக்குரியது. குறியிடம் சொல்வதும், சொன்ன இடத்தை மாற்றுவதும் அவளே. "இரவில் வாராதே, பகலில் வா" என்பாள். பகலில் வந்தால் "ஊரார் காண்பர், வாராதே" என்பாள். கடைசியில் "வரைந்துகொள்" என்பாள். முதலில் கூறிய இரண்டும் இம்மூன்றாவதற்காகவே கூறப்பட்டன என்பதை ஆடிப்பார்த்த பிறகே நாங்கள் முற்றவும் உணர்ந்தோம். படித்தபோது அது வெறும் துறைப்பெயராகவே நின்றது.

தோழிக்கு நாங்கள் ஒரே ஒரு விதியைப் புதிதாகச் சேர்த்தோம். தலைவியின் கவிழ்த்த அட்டையைத் திருப்பிப் பார்க்கும் உரிமை அவளுக்கு மட்டுமே உண்டு; ஆயின் பார்த்தபின் தலைவிக்கு மாறாக அவள் ஏதும் செய்யலாகாது. அவள் சேட்படை கூறியபின்னும் தலைவன் விடாது தொடர்ந்தால் அவன் ஏடு ஐந்திணையிலிருந்து நீங்கிப் பெருந்திணைக்கு மாறிவிடும். மடலேறுதலும் இதனுள் அடங்கும். பனைமடலால் செய்த குதிரையில் ஏறித் தெருவில் வந்து ஊரறியச் செய்வேன் என்று தலைவன் கூறுவதை மட்டும் நூல் அகத்துள் அடக்கும். உண்மையில் ஏறினால் அது பெருந்திணை. இவ்வெல்லைக்கோடு எவ்வளவு நுட்பமானது என்று வியந்தோம். எங்கள் இளம்பெண்களோ வியக்கவில்லை. "கூறுவதே அச்சுறுத்தல்தானே?" என்றனர். ஆகவே மடல் கூறினால் செம்பில் இரண்டு காய் விழும். அப்பழி தலைவன் கணக்கில் சேரும். இது பழைய நூலில் இல்லாத விதி. எங்கள் வீட்டு மகளிர் வகுத்தது.

நூலோடு நாங்கள் மாறுபட்ட இடம் இன்னும் ஒன்றுண்டு. அடியோரும் ஏவல் தொழில் செய்வோரும் அன்பின் ஐந்திணைக்குப் புறம்பாகவே வைக்கப்பட்டனர். குடியிருப்பில் மின்பணி செய்யும் ஒருவரின் மகன் எங்களோடு ஆடுகிறான். "என் தலைவன் உமணர் வண்டிக்கு அச்சு செதுக்குபவன். அவன் காதலிக்கக் கூடாதா?" என்றான். அவனுக்கு இலக்கணம் காட்ட எங்களுக்கு மனம் வரவில்லை, விதியை அடித்துவிட்டோம். எனினும், அடித்த கோட்டுக்குக் கீழே பழைய விதி தெரியுமாறே ஏட்டை வைத்திருக்கிறோம். பழமையை ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்வோர் அதில் கசப்பானவற்றை அழித்துவிட்டு, அக்காலத்தில் எல்லாம் இனிதாயிருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதை நாங்கள் நேர்மையெனக் கருதவில்லை. மருதத்தின் பரத்தையர் பிரிவையும் இவ்வாறே செய்தோம். அப்படி ஒன்று இருந்தது, மனைவி வாயில் மறுத்தாள் என்று சொல்கிறோம், ஊடலை ஆடுகிறோம், பரத்தையை ஆட்டத்தில் ஏற்பதில்லை.

அண்டை வீட்டு வங்காளி இளைஞரும் பஞ்சாபிப் பெண்ணும் வந்து சேர்ந்தபின் விதிகளை இந்தியிலும் எழுத வேண்டியதாயிற்று. களவு என்பதை எவ்வாறு பெயர்ப்பது? நேர்ச்சொல் இட்டால் திருட்டு என்றே பொருள்படும். காந்தருவம் எனலாம் என்றால் தொல்காப்பியரே அந்த ஒப்புமையைக் காட்டியிருக்கிறார்; ஆனால் களவு கற்பாக மலர்ந்தே ஆகவேண்டும் என்னும் கட்டாயம் அச்சொல்லில் இல்லை. முடிவில் களவு என்றே நாகரி எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு வரி விளக்கம் சேர்த்தோம். அலுவலகக் கோப்பில் இப்படிச் செய்தால் மேலதிகாரி ஒப்பமாட்டார். தமிழறியாதோர்க்கு அகத்தை விளக்கும் முயற்சி புதிதும் அன்று. 261 அடியில் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு, ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குப் பாடப்பட்டது என அதன் பழைய குறிப்புக் கூறுகிறது. 1967இல் வெளிவந்த ஏ. கே. இராமானுசனின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு வந்த அவ்விருவரும் எங்கள் பிள்ளைகளைக் காட்டிலும் கூர்மையாக வினாக்களைத் தொடுத்தனர்.

குறிஞ்சிப்பாட்டு முழுவதுமே தோழி செவிலியிடம் களவை வெளிப்படுத்தும் அறத்தொடு நிலை ஆகும். 99 மலர்களின் பெயர் அடுக்கி வரும் பாட்டு அது என்பதை எல்லாரும் அறிவர். எங்களுக்குப் பயன்பட்டது அதிலுள்ள வேறொன்று. தலைவன் மலையுறை கடவுளை வாழ்த்தி அருவிநீர் பருகிச் சூளுரைக்கிறான். இதனை அப்படியே எடுத்துக்கொண்டோம். சூளுரைக்கும் ஆட்டக்காரர் எல்லாரும் காண ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கவேண்டும். குடித்தபின் அச்சொல்லைப் பகடை காக்காது, அவரே காக்கவேண்டும். காக்கத் தவறினால்? குறுந்தொகைத் தலைவி ஒருத்திக்குக் களவின் சான்றாக நீர்த்துறையில் நின்ற நாரை ஒன்றே இருந்தது. அகநானூற்றுப் பாட்டொன்றிலோ, கள்ளூரில் ஒருவன் ஒரு பெண்ணை அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்தபோது அவையத்தார் சான்று வினவி உண்மை தேர்ந்து அவன் தலையில் நீறு பெய்து ஒறுத்தனர். பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்று தொல்காப்பியர் கூறுவதன் பொருள் இவ்விரு பாட்டையும் அடுத்தடுத்து வைத்தபோது தெளிவாயிற்று. களவில் ஏமாற்றப்பட்டவளுக்கு அவையை நாடும் உரிமை எங்கள் ஆட்டத்தில் உண்டு.

கற்பில் பிரிவுக்கும் கால எல்லை உண்டு. கல்விக்காகப் பிரிந்தால் மூன்றாண்டு கடத்தலாகாது. வேந்தன் பணிக்காகப் பிரிந்தால் ஓராண்டுக்குள் மீளவேண்டும். இவ்விதியை வாசித்தபோது மாற்றல் ஆணையால் இங்கு வந்து 22 ஆண்டு கழித்த நண்பர் ஒருவர் எழுந்து சென்று சன்னலைத் திறந்து வைத்தார்.

இறுதியாக, எங்களை இரு கட்சியாகப் பிரித்த விதிக்கு வருகிறோம். தலைவி இற்செறிக்கப்பட்டாள், வேற்றிடத்து மணப்பேச்சு எழுந்தது, தோழி அறத்தொடு நின்றும் தமர் இசையவில்லை. உடன்போக்கு ஒன்றே எஞ்சியது. எங்களுள் ஒருவர், அவரே தலைவியாக ஆடிய பெண்ணின் தந்தை, விதியேட்டில் ஒரு வரி சேர்க்கவேண்டும் என்றார்: பெற்றோர் கொடாத மணம் மணமாகாது, அவ்வாறு சென்றால் ஆட்டம் முடிந்தது. அவர் கண்டிப்பானவர் அல்லர், மென்மையாகவே கூறினார். ஆயினும் அறையில் எவரும் அதனை வெறும் ஆட்டப்பேச்சாகக் கேட்கவில்லை. மகளுக்கு அவ்வாண்டு வரன் பார்த்துக்கொண்டிருந்தனர் என்பது எல்லார்க்கும் தெரியும்.

நாங்கள் கற்பியலைத் திறந்தோம். கொள்ளுதற்குரியான் ஒருவன் கொடுத்தற்குரியார் கொடுப்பக் கொள்வதே கற்பு என்று அது தொடங்குகிறது. அவர் முகம் மலர்ந்தார். அடுத்த நூற்பாவையும் வாசிக்க வேண்டியிருந்தது: இருவரும் உடன்போய காலத்துக் கொடுப்போர் இல்லாமலும் கரணம் உண்டு என்பது அது. இரண்டு விதியும் அடுத்தடுத்தே நிற்கின்றன. ஒன்றை ஒன்று அழிக்கவில்லை. நாணம் உயிரினும் சிறந்தது, கற்பு அந்நாணத்தினும் சிறந்தது என்னும் கருத்தையும் அதனோடு சேர்த்து எண்ணினோம். நூலில் இருப்பதை இல்லை என்று எழுத மொழிபெயர்ப்பாளர்க்கு உரிமை இல்லை என்று மட்டும் அவரிடம் கூறினோம். அவர் தம் வரியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ஆட்டம் தொடர்ந்தது. களவில் தந்தையும் தமையன்மாரும் தாமாகப் பேசுவதில்லை, அவர் சொன்னதாகப் பிறர் கூறுவதே உண்டு என்பது செய்யுளியல் மரபு. அதையும் நாங்கள் விதியாகக் கொண்டிருந்தோம். ஆகவே அன்று தந்தைப் பாத்திரத்துக்குரிய இருக்கையில் அமர்ந்திருந்த அவர் வாய் திறக்க வழியில்லை. கதை நடத்துபவர் தலைவியை நோக்கி, "நள்ளிரவில் வாயிலைக் கடக்கிறாய். உன் தந்தை விழித்திருக்கிறாரா?" என்று வினவினார். சோழி எறிய வேண்டிய இடம் அது. அவள் எறியவில்லை. சிறிது நேரம் தன் தந்தையைப் பார்த்தாள். "விழித்துத்தான் இருந்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் வழி தெரிந்து போகட்டும் என்று விளக்கை மட்டும் அணைக்காமல் வைத்திருந்தார்" என்றாள்.

அவர் ஏதோ கூற எண்ணியவர்போல் நிமிர்ந்து, பின் விதியை நினைவுகூர்ந்தவராய்ச் செம்பிலிருந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போடத் தொடங்கினார். அன்றைய ஏட்டின் அடியில், தந்தைக்குக் கூற்று இல்லை, செயல் உண்டு என்று ஒரு வரி சேர்த்து எல்லாரும் கையொப்பமிட்டோம். பாலை வழியின் இடர்களுக்கு விதி இன்னும் எழுதி முடியவில்லை. வரும் பனிக்காலத்துக்குள் முடித்துவிடுவதாக இளைஞர்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.